‘ரன்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்? புதிதாக ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் புதிதாகப் பழகுகிறவர்கள் நீளமான சொற்களைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். நீளமான சொல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ பொருள்தான் இருக்கும். அகராதியை ஒரு தடவை புரட்டினால் வேலை முடிந்தது. ஆளைத் திணற வைப்பவை கெட், செட், டேக், புட், ரன் மாதிரியான குட்டிச் சொற்கள். இவை எல்லா வாக்கியத்திலும் வரும், ஒவ்வொரு இடத்திலும் வேறு பொருளில் வரும்.

இவற்றில் ‘ரன்’ தனி ரகம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான் இருந்தது. அதன் பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் வேலை நடந்தபோது ‘ரன்’ முன்னே வந்துவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் என்று 2011-இல் செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லை வகைப்படுத்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு சுமார் ஒன்பது மாதம் ஆனதாம். நீராவி இயந்திரம், ரயில், தொழிற்சாலை, கடைசியில் கம்ப்யூட்டர் என்று புதிதாக எது வந்தாலும், அது இயங்குவதைச் சொல்ல ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் இப்படிப் பெருகிவிட்டது.

அந்த 645-இல் பெரும்பகுதி பழைய வழக்கு, கப்பல் வழக்கு, ஏதோ ஒரு தொழிலுக்கு மட்டும் உரிய வழக்கு. நமக்கு அன்றாடம் வேண்டியது சிறு பங்குதான். அதையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். பட்டியலில் படித்த பொருள் பேசும்போது நாக்குக்கு வராது. கீழே சொல்கிற வரிசையில் போய்ப் பாருங்கள்.

முதல் படி: தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்

தமிழிலேயே இந்தச் சொல் நம்மோடு நிறையப் புழங்குகிறது. பள்ளிக்கூடத்தில் ரன்னிங் ரேஸ். கிரிக்கெட்டில் ரன். வகுப்பில் வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுவது ரன்னிங் நோட்ஸ். பழைய வண்டி விற்பவர் ‘ரன்னிங் கண்டிஷன்ல இருக்கு’ என்பார். கண்டக்டர் ‘ரன்னிங்ல ஏறாதப்பா’ என்று திட்டுவார்.

இந்த ஐந்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஓட்டப்பந்தயத்தில் கால் ஓடுகிறது. வண்டி விஷயத்தில் எஞ்சின் இயங்குகிறது. நோட்ஸ் விஷயத்தில் பேச்சு நிற்காமல் போகிறது, பேனாவும் கூடவே போகிறது. ஏறக்கூடாத பஸ் நகர்ந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது நிற்காமல் தொடர்ந்து போவது. வேகம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ‘ரன்’ என்றதும் வேகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தச் சொல்லைத் திறக்கிற சாவி தொடர்ச்சி. சுவரோரமாக வேலி ‘ரன்’ ஆகிறது என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். வேலி அசையக்கூட இல்லை, ஆனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் போகிறது. அது போதும்.

இரண்டாம் படி: தமிழ் ‘ஓடு’ எதுவரை கூட வரும்?

நம் ‘ஓடு’வும் லேசுப்பட்ட சொல் இல்லை. ஆறு ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, பஸ் இரண்டு ஊருக்கு நடுவே ஓடுகிறது, படம் 100 நாள் ஓடியது. இந்த நான்கு இடத்திலும் ஆங்கிலத்தில் தயங்காமல் ‘ரன்’ போடலாம், அப்படியே பொருந்தும். ‘த ஃபிலிம் ரேன் ஃபார் எ ஹன்ட்ரட் டேஸ்’ சரியான ஆங்கிலம்தான். இதெல்லாம் நமக்கு இலவசமாகக் கிடைத்தது.

அப்புறம் பாதை பிரிகிறது. ‘எனக்கு ஒண்ணும் ஓடல’ என்பதை ‘மை மைண்ட் இஸ் நாட் ரன்னிங்’ என்று மாற்றினால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது. ‘ஐ கான்ட் திங்க்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். கடையில் ‘இந்தச் சரக்கு நல்லா ஓடுது’ என்கிறோமே, அதற்கு ‘இட் செல்ஸ் வெல்’. ‘டிவி ஓடிட்டு இருக்கு’ என்றால் ‘த டிவி இஸ் ஆன்’. பொழுது ஓடிவிட்டது என்றால் ஆங்கிலத்தில் நேரம் ஓடாது, பறக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நாம் ‘ஓடு’ என்று சொல்லாத இடங்களில் அவர்கள் ‘ரன்’ போடுவார்கள். மூக்கு நமக்கு ஒழுகும், அவர்களுக்கு ‘ரன்’ ஆகும். துணி துவைத்தால் நமக்குச் சாயம் போகும், அங்கே அந்தச் சாயமும் ‘ரன்’ ஆகும். ஆறு ஓடுவதிலிருந்து கிளம்பிய பொருள் இது. திரவம் எதுவானாலும் தன் போக்கில் இறங்கி வழிந்தால் இந்தச் சொல் வரும். கண்ணீர், மை, குழாய்த் தண்ணீர், உருகும் மெழுகு எல்லாமே அப்படித்தான்.

நோட்டில் இரண்டு பத்தி பிரித்து, ‘ஓடு’ பொருந்துகிறவற்றை ஒரு பக்கமும் பொருந்தாதவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். முதல் பத்தியைத் திரும்பப் படிக்க வேண்டிய அவசியமே இருக்காது. உழைக்க வேண்டியது இரண்டாவதில் மட்டும்தான்.

மூன்றாம் படி: கூட நிற்கும் சொல்லைப் பாருங்கள்

இதற்கான முறையை நம் இலக்கணமே சொல்லி வைத்திருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கப் பகுதியில், ‘பலபொருள் ஒருசொல்’ என்று இதற்குப் பெயரே உண்டு. அப்படிப்பட்ட சொல்லின் பொருள் எப்படித் தெளிவாகும் என்று கேட்டால், ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ தெளிவாகும் என்கிறது நூற்பா. அதாவது வினை, இனம், சார்பு என்று மூன்று வழி.

உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். மா என்றால் மாமரம், குதிரை முதலிய விலங்கும்கூட. ‘மா பூத்தது’ என்றால் வினையே மரம் என்று காட்டிக்கொடுக்கிறது. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் பக்கத்தில் மருத மரம் இருப்பதால், இனத்தால் தெரிகிறது. கவசம் அணிந்து நிற்கிற வீரன் ‘மா கொண்டு வா’ என்றால் அவன் கேட்பது குதிரையை. அது சார்பு, இன்றைக்கு நாம் சூழல் என்கிறோம்.

இதை அப்படியே ‘ரன்’ மேல் போட்டுப் பாருங்கள். இங்கே ‘ரன்’ தானே வினை என்பதால், ஓடுவது யார், எது என்று எழுவாயைக் கேட்க வேண்டும். மூக்கு என்றால் ஒழுகுகிறது. சாலை என்றால் நீண்டு போகிறது. நாடகம் என்றால் தொடர்ந்து நடக்கிறது. ஒப்பந்தம் என்றால் இன்னும் காலாவதி ஆகவில்லை. சாஃப்ட்வேர் என்றால் இயங்குகிறது. எழுவாய் மனிதனாக இருந்தால்தான் குழப்பம், அப்போது சார்பைப் பார்க்க வேண்டும். ‘ஷி இஸ் ரன்னிங் திஸ் இயர்’ என்று அரசியல் செய்தியில் வந்தால் அந்த அம்மா தேர்தலில் நிற்கிறார். மாரத்தான் பற்றிய பேச்சில் வந்தால் ஓடப்போகிறார்.

நான்காம் படி: பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா?

இது மிக முக்கியமான படி. தமிழில் தன்வினை, பிறவினை என்று வடிவமே மாறும். ஓடு, ஓட்டு. நட, நடத்து. ஆங்கிலத்தில் ‘ரன்’ இரண்டுக்கும் ஒரே முகம்தான் காட்டும். ‘த மெஷின் ரன்ஸ்’ என்றால் மெஷின் ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் த மெஷின்’ என்றால் அவர் அதை ஓட்டுகிறார், இயக்குகிறார். ஆகவே ‘ரன்’ வந்தவுடன் ‘எதை?’ என்று கேளுங்கள். பதில் இருந்தால் தமிழில் ஓட்டு, நடத்து, இயக்கு, செய் என்ற பக்கம் போங்கள்.

கம்பெனியை ரன் செய்வது நடத்துவது. கேம்ப் என்றாலும் நடத்துவதுதான். லேபில் டெஸ்ட் என்றால் பரிசோதனை செய்வது. ‘ரன் எ பாத்’ என்றால் குழாயைத் திறந்து குளிக்கும் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது. ‘ரன் எரன்ட்ஸ்’ என்பது கடைக்கு, பேங்குக்கு என்று சின்னச் சின்ன வேலையாக வெளியே அலைவது. ‘ரன் எ ரிஸ்க்’ என்றால் ஆபத்துக்கு இடம் கொடுப்பது.

இங்கே நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் வண்டி. பைக்கை, காரை ‘ஓட்டுவதை’ ‘ரன்’ என்று சொல்லக்கூடாது. பைக்குக்கு ‘ரைட்’, காருக்கு ‘டிரைவ்’. பிரிட்டனில் ‘ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு ஓட்டத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் பார்த்து ஒரு காரை வைத்துக்கொள்ள வசதி இல்லை என்கிறார்.

ஐந்தாம் படி: ஒட்டிக்கொள்ளும் வால்

ரன் அவுட், ரன் இன்டு, ரன் ஓவர், ரன் த்ரூ, ரன் பை. இந்த வால் சொற்கள்தான் பொருளைத் தலைகீழாக மாற்றும். வாலையும் சேர்த்து ஒரே சொல்லாகப் பாருங்கள். ‘ரன்’ தனியாக, ‘அவுட்’ தனியாக என்று பிரித்துப் பொருள் தேடினால் கிடைக்காது.

‘ரன் அவுட்’ நமக்குக் கிரிக்கெட்டில் பழக்கம். வீட்டிலும் கடையிலும் அது ‘தீர்ந்துபோவது’. இதில் இரண்டு வாக்கிய அமைப்பு உண்டு. பொருளை எழுவாயாக வைத்தால் ‘த மில்க் ரேன் அவுட்’, பால் தீர்ந்துவிட்டது. ஆளை எழுவாயாக வைத்தால் நடுவில் ‘ஆஃப்’ கட்டாயம்: ‘வி ரேன் அவுட் ஆஃப் மில்க்’. ‘ஆஃப்’ விட்டுப்போனால் வாக்கியம் உடைந்துவிடும். பாலில் தொடங்கி நேரம், பணம், பொறுமை எல்லாம் இப்படியே தீரும். பாஸ்போர்ட், விசா ‘ரன் அவுட்’ ஆவது காலாவதி ஆவது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

‘ரன் இன்டு’ என்றால் மூன்று காட்சி. வழியில் பழைய நண்பரை ரன் இன்டு செய்தால் எதிர்பாராமல் பார்ப்பது. மரத்தை ரன் இன்டு செய்தால் மோதுவது. பிரச்சினையை ரன் இன்டு செய்தால் அதில் போய் மாட்டிக்கொள்வது. பத்திரிகையில் ‘நஷ்டம் கோடிகளில் ரன்ஸ் இன்டு’ என்கிற பாணியில் வந்தால் அந்த அளவை எட்டுகிறது என்று பொருள். எல்லாவற்றிலும் போகிற போக்கில் ஒன்று எதிரே வந்து நிற்கிறது.

‘ரன் ஓவர்’ கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. வண்டி ஒருவரை ரன் ஓவர் செய்தால் மேலே ஏறிவிட்டது, விபத்து. ஆனால் மீட்டிங் ‘ரேன் ஓவர்’ ஆனால் சொன்ன நேரத்தைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

‘ரன் பை’ அலுவலகத்தில் தினமும் காதில் விழும். ‘ரன் இட் பை மீ’ என்றால் முடிவு எடுக்கும் முன் எனக்கு ஒருமுறை சொல்லி அபிப்பிராயம் கேள் என்பது. இதே ‘பை’ இன்னொரு விதமாகவும் வரும்: ‘எ ஸ்கூல் ரன் பை நன்ஸ்’, கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி. முதலாவதில் ‘ரன்’னுக்கும் ‘பை’க்கும் நடுவே ‘இட்’ நிற்கிறது பாருங்கள். அடையாளம் அதுதான்.

ஆறாம் படி: டாக்டர் அறைக்குள் ஒரு ஒத்திகை

வெளிநாட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல்முறை கிளினிக் போகிற அம்மா, அப்பாவுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உடம்பு சரியில்லாத நேரத்தில் கேள்வி புரியாமல் நிற்பதைப் போல வேதனை வேறு இல்லை.

நர்ஸ் முதலில் கேட்பார்: ‘இஸ் ஹீ ரன்னிங் எ டெம்பரேச்சர்?’ பையன் ஓடுகிறானா என்று கேட்கவில்லை, காய்ச்சல் அடிக்கிறதா என்கிறார். இந்த இடத்தில் ‘டெம்பரேச்சர்’ என்றாலே காய்ச்சல்தான். ‘எஸ், சின்ஸ் எஸ்டர்டே’ என்று சொன்னால் போதும்.

அடுத்து, ‘இஸ் ஹிஸ் நோஸ் ரன்னிங்?’ மூக்கு ஒழுகுகிறதா? இதையே ‘ரன்னி நோஸ்’ என்றும் கேட்கலாம். பிறகு வயிறு. ‘ஹேஸ் ஹீ காட் த ரன்ஸ்?’ என்று யாராவது கேட்டால் அது வயிற்றுப்போக்கு. பேச்சு வழக்குதான், ஆனால் பிரிட்டனில் சாதாரணமாகக் கேட்கலாம். ‘த’வும் கடைசி ‘ஸ்’ஸும் சேர்ந்தால்தான் இந்தப் பொருள் வரும். கிரிக்கெட் பார்ப்பவர்கள் குழம்ப வேண்டாம்.

டாக்டர் கேட்பார்: ‘டஸ் ஆஸ்துமா ரன் இன் த ஃபேமிலி?’ உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது ஆஸ்துமா உண்டா, பரம்பரையாக வருகிறதா என்று கேட்கிறார். ஓர் இழை தலைமுறை தலைமுறையாக அறுபடாமல் வருகிறது பாருங்கள், முதல் படியில் சொன்ன தொடர்ச்சி இங்கேயும் இருக்கிறது. கடைசியாக, ‘வி வில் ரன் எ ஃப்யூ டெஸ்ட்ஸ்’. சில பரிசோதனைகள் செய்கிறோம். அம்மாவைப் பார்த்து ‘யூ லுக் ரன் டவுன்’ என்றும் சொல்லக்கூடும்: களைத்து, சோர்ந்து தெரிகிறீர்கள், ஓய்வெடுங்கள் என்கிற அக்கறை. கட்டடத்தை ‘ரன் டவுன்’ என்றால் பாழடைந்தது.

ஒரே அறைக்குள் இத்தனை ‘ரன்’. ஆனால் ஒவ்வொன்றுக்கும் துணை வேறு: டெம்பரேச்சர், நோஸ், ஃபேமிலி, டெஸ்ட். காதில் அந்தத் துணைச் சொல் விழுந்துவிட்டால் ‘ரன்’ விழாவிட்டாலும் பாதகமில்லை. இந்த வாக்கியங்களை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒருவர் நர்ஸாக, ஒருவர் அம்மாவாக.

ஏழாம் படி: அலுவலகச் செய்தி

இதையும் பிரித்துப் பாருங்கள். உங்கள் டீம் லீடர் காலையில் அனுப்பியிருக்கிறார்: ‘ஐ ஆம் ரன்னிங் லேட். ப்ளீஸ் ரன் த ரிப்போர்ட், ரன் த்ரூ த நம்பர்ஸ் அண்ட் ரன் இட் பை த மேனேஜர். வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்.’

‘ரன்னிங் லேட்’ என்றால் வரத் தாமதமாகிறது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேகூட ‘ரன்னிங் லேட்’ என்று சொல்லலாம். ‘ரன் த ரிப்போர்ட்’டில் செயப்படுபொருள் இருக்கிறது, ஆகவே கம்ப்யூட்டரில் ரிப்போர்ட்டை எடுங்கள். ‘ரன் த்ரூ’ ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிடுங்கள். ‘ரன் இட் பை’ மேனேஜரிடம் காட்டிக் கேளுங்கள். கடைசி வாக்கியம், நேரம் தீர்ந்துகொண்டே வருகிறது. நீங்கள் செய்ய வேண்டியது மூன்று: எடுப்பது, பார்ப்பது, காட்டுவது. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் தகவல் மட்டுமே.

எட்டாம் படி: பெயர்ச்சொல்லாக வரும்போது

முன்னால் ‘எ’ அல்லது ‘த’ நின்றால் ‘ரன்’ பெயர்ச்சொல். கிரிக்கெட்டில் இரண்டு விக்கெட்டுக்கு நடுவே ஓடி எடுப்பதால் வந்த பெயர் அது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலே நான்கு கிடைக்கும், பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. டான் பிராட்மேன் டெஸ்டில் எடுத்த 6996-இல் எத்தனையோ ஓடாமல் வந்தவைதான். பந்துவீச்சாளர் ஓடி வருவது ‘ரன் அப்’. செய்தியில் ‘இன் த ரன் அப் டு த எலெக்ஷன்’ என்று வந்தால் தேர்தலுக்கு முந்தைய நாட்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன் வருகிற அந்த ஓட்டத்தை நினைத்தால் மறக்காது.

‘டிரை ரன்’ ஒத்திகை. ‘ஸ்கூல் ரன்’ பிரிட்டனில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவரும் தினசரி வேலை. ‘இன் த லாங் ரன்’ போகப்போக, நீண்ட காலத்தில். ‘ஃபைவ் டேஸ் ரன்னிங்’ தொடர்ந்து ஐந்து நாள்.

‘பேங்க் ரன்’ என்பதைச் செய்தி படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பேங்க் திவாலாகிவிடும் என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முட்டி மோதுவது அது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகள் முன்னால் மக்கள் நீள வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்கிலிருந்து ஒரே நாளில் 4200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் உத்தரவு கொடுத்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. இரண்டாவதில் பெரும்பாலும் மொபைலிலும் கம்ப்யூட்டரிலுமே எல்லாம் நடந்து முடிந்தது. அதற்கும் பெயர் ‘ரன்’தான்.

ஊருக்கு ஊர் மாறுவதும் உண்டு. தேர்தலில் நிற்பதை அமெரிக்கர்கள் ‘ரன் ஃபார் ஆஃபிஸ்’ என்பார்கள், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’, நம்மூர் ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘கன்டெஸ்ட்’. மெல்லிய காலுறையில் நூல் விட்டுக் கோடாகப் பிரிந்தால் அமெரிக்காவில் ‘ரன்’, பிரிட்டனில் ‘லேடர்’.

ஒன்பதாம் படி: நீங்கள் பேசும்போது

புரிந்துகொள்வது ஒன்று, பேசுவது ஒன்று. பேசும்போது எல்லா ‘ரன்’னையும் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் கிடையாது. ‘ரன்னிங் லேட்’, ‘ரன் அவுட் ஆஃப்’, ‘ரன் இன்டு’, ‘ரன் எ பிசினஸ்’. இந்த நான்கை முதலில் வாய்க்குப் பழக்குங்கள். மற்றவை காதுக்குப் புரிந்தால் போதும்.

காலம் மாறும்போது வடிவம் மாறுவதை ஒரு தடவை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று ரன், நேற்று ரேன், ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ வந்தால் மறுபடி ரன். ‘ஹேஸ் ரேன்’ என்பது நிறையப் பேர் செய்கிற பிழை.

சில வாக்கியம் உண்மையிலேயே இரண்டு பொருள் தரும். தொல்காப்பியம் இதற்கும் வழி சொல்கிறது: வினையால் பொருள் பிரியாத சொல்லை வெளிப்படையாக விளக்கிச் சொல்ல வேண்டும். ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமா, விலங்கா என்று தெரியாது, ஆகவே ‘மாமரம் வீழ்ந்தது’ என்று சொல். அதேபோல ‘மை அங்கிள் இஸ் ரன்னிங்’ என்று நிறுத்தாமல் ‘ஃபார் பிரசிடென்ட் ஆஃப் த கிளப்’ என்றோ ‘இன் த மாரத்தான்’ என்றோ சேர்த்துவிடுங்கள்.

பத்தாம் படி: அகராதியும் நோட்டும்

பெரிய ஆக்ஸ்போர்டு அகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் தரும். மிகப் பழைய பொருள் முதலில் நிற்கும், இன்று அது வழக்கில் இல்லாமலும் இருக்கலாம். புதியவர்களுக்கு வேண்டியது மாணவர் அகராதி. ஆல்பர்ட் ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது உருவாக்கி 1942-இல் வெளிவந்தது இந்த வகையின் முன்னோடி. 1948-இல் ஆக்ஸ்போர்டு அதை வெளியிட்டது. இன்றுவரை புதுப்பித்து வருகிறார்கள். அதில் ‘ரன்’ பக்கத்தைத் திறந்ததும் விளக்கத்தைத் தாண்டி உதாரண வாக்கியங்களுக்குப் போங்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

நோட்டில் எழுதும்போது ‘ரன் = ஓடு, நடத்து, ஒழுகு’ என்று சமன்குறி போடாதீர்கள். முழு வாக்கியத்தை எழுதுங்கள், அதற்குக் கீழே வீட்டில் நாம் பேசுகிற தமிழ், அதற்கும் கீழே எங்கே கேட்டது. இப்படி:

வி ரேன் அவுட் ஆஃப் கேஸ்.
கேஸ் தீந்துபோச்சு.
பக்கத்து வீட்டு அக்கா, காலையில்.

மூன்றாவது வரி வீண் என்று விட்டுவிடாதீர்கள். யார் வாயில், எந்த நேரத்தில் கேட்டோம் என்பதுதான் அந்தச் சொல்லை மறுபடி கொண்டுவந்து சேர்க்கும்.

பயிற்சி

இந்த ஆறையும் கீழே உள்ள விடையைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.

த ரெட் டவல் ரேன் இன் த வாஷ்.
எ கிராக் ரன்ஸ் அக்ராஸ் த சீலிங்.
த லீஸ் ஹேஸ் டூ இயர்ஸ் டு ரன்.
ஹீ ரேன் அப் எ ஹியூஜ் பில்.
த பேப்பர் ரேன் த ஸ்டோரி ஆன் த ஃப்ரன்ட் பேஜ்.
ஷி ரேன் எ ரெட் லைட்.

முதலாவதில் துவைத்த இடத்தில் சிவப்புத் துண்டின் சாயம் போய்விட்டது. இரண்டாவதில் மேற்கூரையின் குறுக்கே விரிசல் நீண்டு போகிறது. வீடு பார்க்கப் போனால் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய விஷயம் இது. மூன்றாவதில் குத்தகை முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நான்காவதில் ‘அப்’ என்ற வாலைப் பாருங்கள், பில் ஏறிக்கொண்டே போய் பெரும் தொகை ஆகிவிட்டது. ஐந்தாவதில் செயப்படுபொருள் ‘ஸ்டோரி’, பத்திரிகை அந்தச் செய்தியை முதல் பக்கத்தில் வெளியிட்டது. ஆறாவது அமெரிக்காவில் அதிகம் கேட்கிற வழக்கு: சிவப்பு விளக்கு எரியும்போதே நிற்காமல் போய்விட்டார், நம்மூரில் சிக்னல் ஜம்ப் என்போம். நான்குக்கு மேல் சரியாக வந்திருந்தால் ‘செட்’டை எடுத்து இதே வரிசையில் தொடங்கலாம். குறைந்திருந்தால் நான்காம், ஐந்தாம் படிகளை மட்டும் திரும்பப் படித்துவிட்டு நாளைக்கு மறுபடி முயன்று பாருங்கள்.